டாஸ் விளையாட்டுக்கு மிடி இசை: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு ஈரத்திலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய டாஸ் விளையாட்டுகள் மிடி வழியாக ஸ்வரக் கட்டளைகளை மட்டும் அனுப்பும்; அவற்றை ஒலியாக்குவது ரோலண்டு நிறுவனத்தின் எம்டி-32, எஸ்சி-55 போன்ற வெளி இசைப் பெட்டிகள். எம்டி-32 வாங்கலாமா, எஸ்சி-55 வாங்கலாமா என்றுதான் இதில் இறங்குகிற எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. காசு முதலில் போக வேண்டியது எர்த்துக்கும் பவர் சப்ளைக்கும். அடுத்து, மிடியைப் பிசகில்லாமல் வெளியே அனுப்புகிற சவுண்டு கார்டு. இசைப் பெட்டியின் முறை அதற்கப்புறம்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், விலை கொடுத்து வாங்கிய ரோலண்டு பெட்டி அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே சொல்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு செட்டைப் பற்றி. ஒன்று சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மாடி அறையில், மற்றது ஏற்காட்டில். இரண்டிலும் சாக்கெட் 7 மதர்போர்டு, பென்டியம் எம்எம்எக்ஸ் 200, 32 எம்பி ராம், எம்எஸ்-டாஸ் 6.22, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஐடிஇ அடாப்டரில் 2 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ், 15 அங்குல சிஆர்டி மானிட்டர். சவுண்டு கார்டு யமஹா ஒய்எம்எஃப்719 சிப் உள்ள ஐஎஸ்ஏ கார்டு. சேலத்து செட்டில் அசல் எம்டி-32, எஸ்சி-55 இரண்டும் உண்டு. ஏற்காட்டில், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் ஓடி எம்டி-32 போலவே ஒலிக்கும் எம்டி32-பை என்ற நிரல் மட்டும்.

முதலில் மின்சாரம். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு கெபாசிட்டர்கள் பாடியோடு சேர்கின்றன. எர்த் இல்லாவிட்டால் பாடி பாதி வோல்ட்டில், சுமார் 115 வோல்ட்டில், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நிலையில் ஆடியோ கேபிளைச் செருகினால் அது சவுண்டு கார்டின் வழியாகத்தான் இறங்கும். லைன் அவுட் சிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால் துருப்பிடித்த எர்த் கம்பியும் நல்லதுபோலக் காட்டும், லோடு வைத்துப் பார்க்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏற்காட்டில் பாறை நிலம் வேறு. உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்பீக்கரில் உம்மென்று இரைச்சல் கேட்டால் மிடி கேபிளைக் குறை சொல்லாதீர்கள். மிடி உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியாகக் கடத்தும் சிப்) இருக்கிறது, இரண்டு கருவிகளின் கிரவுண்டும் அதில் சேர்வதே இல்லை. இரைச்சல் வருவது ஆடியோ கேபிள் வழியாக: கம்ப்யூட்டரின் லைன் அவுட்டும் மிக்சரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் இரண்டின் கிரவுண்டுக்கும் இடையே கரண்ட் சுற்றும், அதாவது கிரவுண்டு லூப் உண்டாகும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்தால் பாதி போய்விடும். மீதிக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்ன கிரவுண்டு லூப் ஐசொலேட்டரைக் கம்ப்யூட்டர் பக்க ஆடியோ கேபிளில் மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் கரண்ட் போன நேரத்தில் இரைச்சல் கூடத்தான் செய்யும். சைன் வேவ் வாங்கலாம், அல்லது அந்த நேரம் மோர் குடித்துவிட்டு வரலாம். யுபிஎஸ்ஸில் சிஆர்டியை மாட்டினால் ஆன் செய்கிற நொடியில் திரையின் காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயில் இழுக்கிற கரண்ட்டில் 600 விஏ யுபிஎஸ் கத்தும், சிலது டிரிப்பும் ஆகும். முதலில் மானிட்டர், அது அடங்கியபின் கம்ப்யூட்டர்.

இன்னொன்று. கைமாறி வரும் ரோலண்டு பெட்டிகளில் நிறைய ஜப்பானிலிருந்து வருபவை. கூடவே வருகிற அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. பின் பொருந்துகிறதே என்று கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் செருகினால் புகைதான். எம்டி-32, எஸ்சி-55 இரண்டுக்கும் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அதை மீட்டரில் பார்க்காமல் செருகக் கூடாது. 1 ஆம்பியர் இருந்தால் தாராளம்.

இனி கார்டு. சவுண்டு பிளாஸ்டர் 16 என்ற பெயரைக் கேட்டதும் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் பல கார்டுகளில், விளையாட்டின் துப்பாக்கிச் சத்தமும் மிடியும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒரு ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும் கோளாறு உண்டு. கார்டின் ஒலிச் சிப்பான டிஎஸ்பியிலேயே உள்ள குறை அது, டிரைவர் மாற்றித் தீராது. டூம் போல வெடிச்சத்தமும் இசையும் கலந்த விளையாட்டில் இது உயிரை வாங்கும். யமஹாவின் 718, 719 சிப்களில் இந்தக் கோளாறு இல்லை, கார்டு தானே உண்டாக்கும் ஓபிஎல்3 எஃப்எம் ஒலியும் அசல். ஈஎஸ்எஸ் 1868 கிடைத்தாலும் விடாதீர்கள். எஃப்எம் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும், மிடி சுத்தம். செவ்வாய்ப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடக்கிற போர்டுகளில் இவை இரண்டும் அகப்படும். கேம்போர்ட் இருக்கிற கார்டுதானா என்று மட்டும் பார்த்து எடுங்கள். 15 பின் உள்ள அந்தச் சாக்கெட்டில்தான் மிடி வெளியே வருகிறது: 12ஆம் பின் அவுட், 15ஆம் பின் இன்.

கார்டின் மிடி போர்ட்டுக்கு முகவரி 330 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல விளையாட்டுகள் வேறெதையும் கேட்பதில்லை. அடாப்டெக் 1542 ஸ்கசி கார்டும் இயல்பாக 330இல்தான் உட்காரும், இரண்டும் சேர்ந்தால் மிடி மௌனம். பயாஸில் சவுண்டு கார்டு பயன்படுத்தும் ஐஆர்க்யூ 5ஐ (கார்டு சிபியுவை அழைக்கும் குறுக்கீட்டு எண்) லெகசி ஐஎஸ்ஏவுக்கு ஒதுக்காவிட்டால் பிசிஐ கிராஃபிக்ஸ் கார்டு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிற இடம் அடுத்தது. கம்ப்யூட்டரையும் மிடியையும் இணைக்கும் ரோலண்டின் எம்பியு-401க்கு இரண்டு முகம். ஒன்று யுஏஆர்டி முறை: வந்த பைட்டை அப்படியே வெளியே தள்ளும். மற்றது இன்டலிஜென்ட் முறை: நேரக் கணக்கைக் கார்டே பார்த்துக்கொள்ளும். நாம் வாங்குகிற மலிவுக் கார்டுகள் எல்லாவற்றிலும் முதல் முகம் மட்டும். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த பல விளையாட்டுகள் இரண்டாவதைக் கேட்கும். அப்போது விளையாட்டு எம்டி-32 இல்லை என்று சொல்லும், அல்லது ஓசையின்றி உறைந்து நிற்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் சாஃப்ட்எம்பியு என்ற சிறிய நிரலை ஏற்றிப் பாருங்கள். அதற்கு டாஸின் நினைவக மேலாளரான இஎம்எம்386 ஓட வேண்டும், பதிப்பு 4.46க்குக் குறையக் கூடாது. டாஸ் 6.22இல் உள்ளது 4.49, அதுவே போதும். நிரலுக்கு எம்பியு முகவரி 330, சவுண்டு பிளாஸ்டர் முகவரி 220, ஐஆர்க்யூ 5 என்று மூன்றையும் சொல்லி ஏற்றுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அல்டிமா 7 போலச் சொந்த நினைவக மேலாளரோடு வரும் விளையாட்டு இஎம்எம்386 இருந்தால் கிளம்பவே கிளம்பாது. அந்த மாதிரிக்கு இன்டலிஜென்ட் முறையைத் தானே செய்கிற கார்டு வேண்டும். ஹார்ட்எம்பியு அல்லது ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இயங்கும் பிக்கோகஸ் இரண்டில் ஒன்று. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு பிக்கோகஸ்தான்; இஎம்எம்386ஐயே மறந்துவிடலாம்.

எம்டி32-பை கட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ராஸ்பெர்ரி பை 3 அல்லது ஜீரோ 2 டபிள்யூ போதும். லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடுகிற நிரல் அது, சில நொடியில் தயாராகிவிடும். கரண்ட் பட்டென்று போனாலும் எஸ்டி கார்டு கெடாது; மலையில் இதுவே பெரிய நிம்மதி. பையின் சொந்த ஆடியோ ஜாக்கைப் பயன்படுத்தாதீர்கள், சீற்றம் கேட்கும். டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் பிசிஎம்5102 டாக் போர்டு ஒன்றை மாட்டுங்கள்: பிசிகே முனை பையின் 12ஆம் பின்னுக்கு, எல்சிகே 35க்கு, டின் 40க்கு, விஐஎன் 5 வோல்ட்டுக்கு, எஸ்சிகே கிரவுண்டுக்கு. ஊதா நிறப் போர்டின் பின்புறம் உள்ள நான்கு சால்டர் திட்டுகளில் 1, 2, 4 எல் பக்கமும் 3 ஹெச் பக்கமும் இணைந்திருக்க வேண்டும். பல போர்டுகள் இணைக்கப்படாமலேயே வருகின்றன. மூன்றாவது திட்டு விட்டுப்போனால் டாக் ஊமையாகவே இருக்கும், நிரலில் தேடித் தேடி நேரம் போகும். பிறகு கட்டமைப்புக் கோப்பில் ஆடியோ வெளியீட்டை ஐ2எஸ் (டாக் போர்டுக்குப் போகும் டிஜிட்டல் வழி) என்று மாற்ற வேண்டும்.

மிடி உள்ளீட்டுக்கு ஹெச்11எல்1 ஆப்டோகப்ளர். மிடி கேபிள் செருகுகிற வட்டமான டின் சாக்கெட்டின் (டாக் போர்டின் டின் முனை வேறு) 4ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக அதன் 1ஆம் காலுக்கு, 5ஆம் பின் நேராக 2ஆம் காலுக்கு, இரண்டு கால்களுக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு. 6ஆம் காலுக்கு 3.3 வோல்ட், 5ஆம் கால் கிரவுண்டு. 4ஆம் காலை 470 ஓம் கொண்டு 3.3 வோல்ட்டுக்கு இழுத்து, பையின் 10ஆம் பின்னில் சேர்த்துவிடுங்கள். உள்ளூர்க் கடையில் ஹெச்11எல்1 கேட்டால் “இதுவும் அதேதான்” என்று பிசி817ஐத் தருவார்கள். எஸ்எம்பிஎஸ் வேலைக்கு அது சரி. மிடி வேகம் நொடிக்கு 31,250 பிட், ஒரு பிட்டுக்கு 32 மைக்ரோ நொடிதான். பிசி817 அணைவதற்குள் அதில் பாதி கழிந்துவிடும், ஸ்வரங்கள் விட்டுவிட்டு விழும். ஆன்லைனில் வரவழைப்பதே மேல்.

எம்டி-32இன் உள்ளே இருக்கும் நிரலும் ஒலிகளும் அடங்கிய ரோம் கோப்புகள் இரண்டு வேண்டும், அவற்றை நிரல் தருவதில்லை. எம்டி-32இன் உறவுக்காரப் பெட்டியான சிஎம்-32எல்லின் ரோமும் வைத்திருந்தால் நல்லது. அதில் எம்டி-32இல் இல்லாத 33 கூடுதல் ஒலிகள் உண்டு, சில விளையாட்டுகள் அவற்றை எதிர்பார்க்கும்.

அசல் எம்டி-32க்கும் எம்டி32-பைக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியுமா? ஹெட்போனில் அமைதியான இடங்களில் தெரியும். அசலின் மெல்லிய இரைச்சல்தான் அந்த வித்தியாசம். ஸ்பீக்கரில், மேலே ஃபேன் ஓடுகிற சேலத்து அறையில், தெரியாது. அசலின் மவுசு அதன் 20 எழுத்துக் காட்சித் திரையில் இருக்கிறது: ஸ்பேஸ் குவெஸ்ட் 3 அதில் காசு போடச் சொல்லி வாசகம் காட்டும். 1987இல் வந்த முதல் வகைப் பெட்டிக்கு ஹெட்போன் ஓட்டை இருக்காது. அதற்கு வேகமாகத் தகவல் அனுப்பினால் பஃபர் நிரம்பிவிட்டதாகத் திரையில் எழுதிவிட்டுத் தடுமாறும். பென்டியத்தில் இது அடிக்கடி நடக்கும். சாஃப்ட்எம்பியுவில் சிஸ்எக்ஸ் (பெட்டிக்கே உரிய கட்டளைகள்) தாமதம் என்ற தேர்வை இயக்கினால் போதும். ஹெட்போன் ஓட்டை உள்ள பின்வந்த வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

எஸ்சி-55 வேறு சாதி. 1991இல் வந்தது, வாத்தியங்களின் வரிசையைப் பொதுவாக்கிய ஜெனரல் மிடி விளையாட்டுகளுக்கு அதுதான் அளவுகோல். எம்டி-32 முறை என்று அதில் ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பெயரளவில் அதே வாத்தியங்கள்தான் இருக்கும். விளையாட்டு தானே செய்து அனுப்புகிற ஒலிகளை அது வாங்கிக்கொள்ளாது. குதிரைக் குளம்பு கேட்க வேண்டிய இடத்தில் பியானோ கேட்டாலும் கேட்கும்.

சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேலே உள்ளது தொட முடியாமல் சுடும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். மாற்றும்போது 105 டிகிரி வகையையே போடுங்கள்.

ஏற்காட்டில் எதிரி வெயில் இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும். ஐஎஸ்ஏ கார்டின் விளிம்புத் தகடுகள் கறுத்து, சவுண்டு கார்டு ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும். உப்புத்தாள் போடாதீர்கள், தங்கப்பூச்சு போய்விடும். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த சிஆர்டியை ஆன் செய்ததும் பின்னால் உஸ் என்று சத்தமும் லேசான ஓசோன் வாடையும் வந்தால் உடனே அணையுங்கள். படக்குழாய்க்கு உயர் வோல்ட் போகும் ஆனோடு தொப்பி பக்கம் ஈரம். மூடியைக் கழற்றிக் கை வைப்பது டிவி மெக்கானிக்கின் வேலை, அணைத்த பிறகும் அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். இடி இடித்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், யுபிஎஸ் காப்பாற்றாது.

மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் கேட்மியம் பேட்டரி இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள், கசிவு பாதைகளைத் தின்றுவிடும். கசிந்த இடத்தில் வினிகர், பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால். கடிகாரமும் பேட்டரியும் ஒன்றாக உள்ள டல்லாஸ் 12887 சிப் என்றால் பேட்டரி உள்ளேயே செத்திருக்கும். 16, 20 பின்களை மேலே சுரண்டிப் பழைய பேட்டரியின் இணைப்பை வெட்டிவிட்டு, சிஆர்2032 ஒன்றை மைனஸ் 16க்கும் பிளஸ் 20க்குமாக வைக்கலாம்.

வேகம் அதிகமாகிற பழைய விளையாட்டுகளுக்கு சிபியுவின் உள் நினைவகமான எல்1 கேஷை அணைத்தால் நல்ல 386 அளவுக்கு இறங்கும். தனிக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

ஃபிளாப்பிகளை மட்டும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அதை டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்து போடுகிற நல்ல ஃபிளாப்பியையும் கீறும். சேலத்திலேயே இமேஜ் எடுத்துவிட்டு, ஏற்காட்டு செட்டில் ஃபிளாஷ்ஃபிளாப்பி நிரல் ஏற்றிய கோடெக் (ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக அந்த இமேஜ்களைப் படிக்கும் பெட்டி) வைத்திருக்கிறோம். முறுக்கு உள்ள ஃபிளாப்பி கேபிளில் அதன் ஜம்பர் எஸ்1இல் இருக்க வேண்டும்; எஸ்0இல் விட்டால் ஏ டிரைவாகத் தெரியாது.