தையல் மிஷினுக்கு மேலே ஒரு டியூப்லைட்: மூன்று வருட அனுபவம்

வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். முன்பு அங்கே இருந்தது சாதாரண எல்.இ.டி. டியூப்லைட், 6500 கெல்வின், அதாவது நீலம் ஓடும் வெள்ளை. இந்த எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும். பளிச்சென்று எரியும், ஊசியில் நூல் கோக்கக் குறையே இல்லை. வம்பெல்லாம் அரக்கு நிறத்தில்தான். ராத்திரி புடவையோடு அப்படியே ஒத்துப்போன லைனிங் துணி, காலையில் வாசலில் பிரித்துப் பார்த்தால் பழுப்படித்துக் கிடக்கும். ஒரே மாதத்தில் இரண்டு பிளவுஸைப் பிரித்துத் தைத்த பிறகுதான் டப்பாவில் இருந்ததைப் படித்தேன்: சி.ஆர்.ஐ. 80.

விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100க்குப் போடும் மார்க் அது. பழைய குண்டு பல்பு கிட்டத்தட்ட 100 வாங்கும். வெள்ளை எல்.இ.டி.க்கு உள்ளே இருப்பது நீல ஒளி. மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது. மலிவானவற்றில் அடர் சிவப்பு குறைச்சல். விளக்கிலேயே சிவப்பு இல்லாதபோது துணி எதைத் திருப்பி அனுப்பும்? இதில் கூத்து என்னவென்றால், அந்த மார்க் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனிக் கணக்கு. பல டப்பாக்களில் அதைப் போடுவதே இல்லை.

தேடிப் பிடித்து 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 95, ஆர்9-உம் அச்சிட்ட ஒன்றை வாங்கினேன். விலை மூன்று மடங்கு. மாட்டிய அன்று அறையே மஞ்சளாகத் தெரிந்தது, ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். நாலு நாளில் கண் பழகிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு விளக்குதான் நீலமாகத் தெரிகிறது. அரக்கு, குங்குமச் சிவப்பு, மாதுளை மூன்றும் ராத்திரியிலும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதன் பிறகு நிறத்துக்காகப் பிரித்தது ஒரே ஒரு பிளவுஸ், அதுவும் விளக்கின் தப்பில்லை. சுவரில் இருந்த பச்சை பெயின்டின் சாயல் துணியில் அடித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடித்தேன், சரியாகிவிட்டது.

குறை? அதே வாட்ஸுக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட மிஷின் விளக்கையும் போட வேண்டியிருக்கிறது.

மயில்கழுத்து நிறத்துக்கு மட்டும் எந்த விளக்கும் உதவாது. நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். திருப்பத் திருப்ப மாறும். அந்தப் புடவை வந்தால், “நீலமா, பச்சையா, எது வேணும்னு நீங்களே சொல்லிடுங்கக்கா” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.