தையல் இல்லாமல் வெட்டுக்காயம் மூடும் பட்டி: பட்டறையில் ஆறு வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, யன்னல், கடைகளுக்குப் பாட்டிசன் வேலை. அறுத்த அலுமினியத்தின் விளிம்பில் பிசிர் நிற்கும். அரம் போட முன்னம் கை பட்டால் வெட்டுத்தான். கண்ணாடி விளிம்பு இன்னும் மோசம், இரத்தத்தைக் கண்ட பிறகுதான் வெட்டியது தெரியும். ஆறு வருடத்துக்கு முன் முன்னங்கையில் ஒன்றரை அங்குலம் கிழிந்து, நாலைந்து இழை போடுவார்கள் என்ற பயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்தைக் கழுவிய நேர்ஸ் அக்கா ஊசியே எடுக்கவில்லை. வெள்ளைக் கடதாசித் துண்டு மாதிரி ஐந்தாறு பட்டியை ஒட்டி அனுப்பிவிட்டார். இன்றைக்கு அந்தத் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து என் முதலுதவிப் பெட்டியில் அந்தப் பட்டி தீர விட்டதில்லை.

பார்மசியில் "ஸ்டெரி ஸ்ட்ரிப்" என்று கேட்டால் விளங்கும். அது திரீ எம் கம்பனி வைத்த பெயர். நான் வாங்குவது 6 மில்லிமீற்றர் அகலம், 75 மில்லிமீற்றர் நீளம். ஓர் உறைக்குள் மூன்று. நெடுக மெல்லிய இழைகள் ஓடுவதால் இழுத்தாலும் நீளாது. சாதாரண பிளாஸ்டர் காயத்தின் மேலே கிடக்கும். இது பிளந்த இரண்டு கரையையும் சேர்த்துப் பிடிக்கும்.

ஒட்டுவது சின்ன வேலை. அதற்கு முன் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம். இடையில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் மறுபடி விட்டுவிடும். பிறகு கழுவுதல். கொதித்தாறின தண்ணீரை 20 மில்லிலீற்றர் சிரிஞ்சில் இழுத்து, ஊசி இல்லாமல், காயத்துக்குள் படப் பீச்சி அடிக்கிறேன். அரை லீற்றராவது போகும். டெட்டோலோ ஸ்பிரிட்டோ காயத்துக்குள் ஊற்றுவதை விட்டுவிட்டேன். அது கிருமியோடு வளர வேண்டிய தசையையும் எரிக்கும். கோப்பித்தூள் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அதைக் கழுவி எடுக்கவே அரை மணித்தியாலம் போய்விடும்.

அடுத்தது ஈரம். எங்கள் ஊரில் இந்தப் பட்டிக்கு எதிரி வியர்வைதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டினால், தேத்தண்ணி நேரத்துக்குள் நுனி கிளம்பிவிடும். முதல் வருடம் பட்டி சரியில்லை என்றே நினைத்தேன். இப்போது காயத்தைச் சுற்றியுள்ள தோலை மட்டும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மயிரைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, ஃபானுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கையை நீட்டி இருக்கச் சொல்கிறேன். முதல் பட்டி காயத்தின் நடுவில். ஒரு கரையில் பாதியை ஒட்டி, மற்றக் கரையை விரலால் தள்ளிச் சேர்த்த பிறகுதான் மீதியை ஒட்ட வேண்டும். சேராத கரையைப் பட்டியாலேயே இழுத்துக் கட்டினால் இரண்டு நாளில் தோல் கொப்பளிக்கும். மற்றப் பட்டிகள் இரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு. கடைசியில் எல்லா நுனிகளையும் அமுக்கிப் பிடிக்க, காயத்துக்குச் சமாந்தரமாகப் பக்கத்துக்கு ஒன்று. இந்தக் கடைசி இரண்டையும் போடத் தொடங்கிய பிறகு பட்டி ஒரு கிழமைக்கு அசையவில்லை.

முதல் இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. கிணற்றடியில் கையைப் பொலித்தீன் பையில் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிக்கிறோம். கழற்றும்போது இரு நுனியிலிருந்தும் காயத்தை நோக்கி உரிக்க வேண்டும். வேலைக்கு நிற்கும் தம்பி ஏழாம் நாள் ஒரே இழுவையில் உரித்து, அன்று பின்னேரமே கண்ணாடி தூக்கி, காயம் திரும்பப் பிளந்தது. ஒரு கிழமையில் தோலுக்குப் பழைய பலத்தில் சில வீதம்தான் வந்திருக்கும். மூன்று மாதம் போனாலும் 80 வீதத்தைத் தாண்டாது. இதை முன்பே அறிந்திருந்தால் அவனை இன்னும் ஒரு கிழமை சும்மா இருத்தியிருப்பேன்.

விரல் மூட்டில் இது நிற்பதில்லை, மடக்கினால் கழன்றுவிடும். விரலைச் சுற்றி வளைத்து ஒட்டவே கூடாது, வீங்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

எதை மூடக்கூடாது என்பதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். என் மூத்த மகன் உள்துறைமுகப் பக்கம் கல்லில் ஒட்டியிருந்த சிப்பியில் காலை வெட்டிக்கொண்டு வந்தான். அவசரத்தில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, நாலு பட்டி போட்டு, அழகாக மூடினேன். மூன்றாம் நாள் கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பட்டியை எடுத்து, காயத்தைத் திறந்து, சீழை வெளியேற்றி, திறந்தபடியே விட்டு மருந்து கட்டினார்கள். "கடல் காயத்தை மூடினா கிருமியை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி, தம்பி" என்றார் டொக்டர். அந்த மூன்று இரவும் பிள்ளை அனுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று கண்ணாடி. ஒரு பொடியனுக்கு விரலடியில் அரை அங்குல வெட்டு, இரத்தமும் பெரிதாக இல்லை. ஒட்ட முன்னம் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொன்னேன். நடுவிரல் நுனி மடங்கவில்லை. உடனே கூட்டிக்கொண்டு போனோம். நரம்புபோல ஓடும் தசைநார் அறுந்திருந்தது, சத்திரசிகிச்சை செய்தார்கள். பட்டி போட்டு அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் அசைவும் தொடு உணர்வும் பார்க்காமல் நான் எதையும் மூடுவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், மஞ்சள் கொழுப்புத் தெரியும் ஆழம், உள்ளே ஏதும் தங்கியிருக்கும் சந்தேகம், முகம், ஆணி குத்தினது, பல மணித்தியாலம் பிந்தி வந்தது: எல்லாம் ஆஸ்பத்திரிக்கு. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, மூடாமலே கூட்டிப்போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

பட்டறையில் சுப்பர் குளூ போடுகிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிப் பசை அதே குடும்பம் என்றாலும் சேர்மானம் வேறு. கடைப் பசை இறுகும்போது சுடும், தசையை எரிக்கும். எனக்கு அது வேண்டாம்.

ஒருமுறை பெயர் தெரியாத மலிவுப் பட்டி வாங்கி, மூன்று மணித்தியாலத்தில் கழன்றது. நல்ல பட்டியும் வான் வண்டிக்குள் வெயிலில் கிடந்தால் பசை கசிந்து உறையோடு ஒட்டிப்போகும். இப்போது பெட்டி மேசை லாச்சிக்குள். மூடிக்குள் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன்: பட்டறையில் நிற்கும் ஒவ்வொருவரும் கடைசியாக ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்ட திகதி. ஊத்தைக் காயத்துக்கு ஐந்து வருடம், சுத்தமான காயத்துக்குப் பத்து வருடம் தாண்டியிருந்தால், பட்டி எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அன்றைக்கே ஊசிக்கு அனுப்பிவிடுகிறேன்.