கிரீஸ்வீசல் வி4: ஃபிளாப்பி கேம்களைக் காப்பாற்ற முதலில் வாங்க வேண்டிய பலகை

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் ஆய்வு சொன்னது. விற்பனையில் இல்லாதவற்றில் பெரும் பங்கை இத்தனை நாள் பிழைக்க வைத்திருப்பவர்கள் ரசிகர்கள்தான். அதிலும் ஃபிளாப்பியில் வந்த கேம்களுக்கு அவசரம் அதிகம். பூஞ்சை பிடிக்கிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது. டிஸ்க்கில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் கோப்பாக எடுத்து வைக்கும் வேலைக்கு இன்று கிடைக்கும் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது கிரீஸ்வீசல் என்பது எங்கள் முடிவு. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

கீர் ஃபிரேசர் உருவாக்கியது இது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் 34 பின் ஃபிளாப்பி கேபிளுக்கான இடம். பலகையில் ஓடும் ஃபர்ம்வேரையும் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளையும் அவர் எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டிருக்கிறார். ஆவணக் காப்பு வேலையில் இது பெரிய விஷயம். பூட்டிய மென்பொருளோடு வரும் கருவியை நம்பி ஆயிரம் டிஸ்க் எடுத்து வைத்த பிறகு, அந்த மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் ஓடாமல் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சாதாரண ஃபிளாப்பி கன்ட்ரோலர் டிஸ்க்கில் உள்ளதைப் புரிந்துகொண்டு செக்டர்களாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாக, தரும். புரியாததைப் பிழை என்று தள்ளிவிடும். கிரீஸ்வீசல் எதையும் புரிந்துகொள்ள முயல்வதில்லை. டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட்டின் கீழே காந்தத் திசை மாறும் ஒவ்வொரு முறையும், முந்தைய மாற்றத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், அதாவது சுமார் 14 நானோவினாடித் துல்லியத்தில், குறித்துக்கொள்ளும். இதைத்தான் ஃபிளக்ஸ் என்கிறார்கள். அதனால் ஒரே ஒரு பிசி டிரைவை வைத்துக்கொண்டு அமிகா கம்ப்யூட்டரின் 880 கேபி டிஸ்க்கையும், அட்டாரி எஸ்டி டிஸ்க்கையும், ஹெட் நிற்கும் இடத்துக்கேற்பச் சுழற்சி வேகத்தை மாற்றிக்கொள்ளும் டிரைவுகளுக்காக வந்த மேக் 800 கேபி டிஸ்க்கையும் படிக்கலாம். நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே வைத்த பலவீன பிட்களும் (படிக்கும் ஒவ்வொரு முறையும் மாறி வருபவை) வழக்கத்தைவிட நீளமான டிராக்குகளும் (டிஸ்க்கின் வட்டத் தடங்கள்) ஃபிளக்ஸில் அப்படியே பதிவாகும். யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இதற்கு உதவாது. அதற்குள்ளேயே ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டு செக்டர்களை மட்டும் வெளியே விடுகிறது.

3.5 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட் போதும், பலகையிலேயே அதற்கான மின் இணைப்பு இருக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் யூஎஸ்பி வழியாக வருவது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுவை கூடும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகினால் படித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடும். கம்ப்யூட்டரின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். 5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதற்குத் தனி பவர் சப்ளை தேவை.

கேபிளின் வண்ணக் கோடு உள்ள ஓரம் 1ஆம் பின் பக்கம் வர வேண்டும். மாற்றிச் செருகிவிட்டால் மின்சாரம் வந்ததும் டிரைவின் விளக்கு எரிந்து அணையாமல் நிற்கும். கம்பி முறுக்கிய பிசி கேபிளில் முறுக்கைத் தாண்டிய முனை ஏ, முறுக்குக்கு முந்தைய இணைப்பு பி. டிஸ்க் ஒரு சுற்று முடித்ததைக் காட்டும் இன்டெக்ஸ் சிக்னல் இல்லை என்று பிழை வந்தால் பெரும்பாலும் இந்த எழுத்தைத் தவறாகக் கொடுத்திருப்பீர்கள், இல்லை டிரைவுக்கு மின்சாரம் போகவில்லை. முதல் வேலையாக ஆர்பிஎம் கட்டளையைக் கொடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தைப் பாருங்கள். 3.5 அங்குல டிரைவ் 300ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும், 1.2 எம்பி டிரைவ் 360ஐ ஒட்டி. எண் ஆடிக்கொண்டே இருந்தால் அந்த டிரைவில் அரிய டிஸ்க் எதையும் போடாதீர்கள்.

படிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எஸ்சிபி என்ற கோப்பு வகையில் வெறும் ஃபிளக்ஸை எடுத்தால் மென்பொருள் எந்தப் பிழையும் சொல்லாது. அதற்கு எது சரி, எது தவறு என்றே தெரியாது. 80 டிராக்கும் அமைதியாக ஓடி முடியும், கோப்புக்குள் பாதி குப்பையாக இருக்கும். டிஸ்க்கின் ஃபார்மேட்டையும் குறிப்பிட்டு, கூடவே 'ரா' விருப்பத்தையும் கொடுங்கள். அப்போது கோப்பில் ஃபிளக்ஸ் அப்படியே சேரும், ஃபார்மேட் சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படும். முடிவில் திரையில் ஒரு கட்டம் வரும். மேலே டிராக் எண்கள், பக்கவாட்டில் செக்டர்கள். நல்ல செக்டருக்கு ஒரு புள்ளி, கிடைக்காததற்கு எக்ஸ். 720 கேபி டிஸ்க் என்றால் 1440 செக்டரும் வந்ததா என்று கடைசி வரி சொல்லிவிடும்.

அந்தக் கட்டத்தைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி நோய் பிடிபடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எக்ஸ் இருந்தால் டிஸ்க்கில் புள்ளிச் சேதம். அந்த டிராக்குகளை மட்டும் மறுபடி, வேண்டுமானால் வேறு டிரைவில், எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுக்க எக்ஸ் என்றால் அந்தப் பக்கத்து ஹெட்டில் அழுக்கு. தொடக்கம் சுத்தமாக இருந்து, ஒரு டிராக்கிலிருந்து கடைசிவரை எல்லாம் எக்ஸ் என்றால் உடனே நிறுத்துங்கள். உதிர்ந்த பூச்சு ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மிச்சத்தையும் சுரண்டிக்கொண்டிருக்கலாம். ஷட்டரைத் தள்ளிப் பாருங்கள். பூச்சின் மேல் மெல்லிய வளையக் கோடு தெரிந்தால் அதேதான். கீச்சென்ற சத்தம் கேட்டாலும் அதே பொருள்தான். மீண்டும் முயற்சி செய்யும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு எழுந்து போவது, இந்த நிலையில் டிஸ்க்கைக் கையால் தேய்ப்பதற்குச் சமம்.

ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நார் விடாத பஞ்சுக் குச்சியும் போதும். மேல் ஹெட்டைத் தூக்கித் துடைக்காதீர்கள், அதன் ஸ்பிரிங் வளைந்தால் டிரைவே போச்சு. கிளீனிங் டிஸ்க் இருந்தால் சில சொட்டு ஆல்கஹால் விட்டு கிளீன் கட்டளையைக் கொடுக்கலாம். அது ஹெட்டை முன்னும் பின்னும் ஓட்டி, டிஸ்க்கின் ஒரே இடத்தில் தேயாமல் பார்த்துக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு டிஸ்க்குக்குப் பிறகும் துடையுங்கள். பூஞ்சை படிந்த டிஸ்க்கைத் துடைக்காமல் டிரைவில் விட்டால் அடுத்து வரும் நல்ல டிஸ்க்கும் பாழ்.

டிஸ்க்கை உள்ளே விடும் முன் எழுத்துத் தடுப்பைப் போட்டுவிடுங்கள். 3.5 அங்குலத்தில் துளை திறந்திருக்க வேண்டும், 5.25ல் ஓர வெட்டை ஒட்டி மூட வேண்டும். கேமை ஓட்டிப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்ற ஆசை வேண்டாம், பல கேம்கள் ஸ்கோரை டிஸ்க்கிலேயே எழுதும். விண்டோஸ் 95 இன்னும் மோசம். தடுப்பில்லாத டிஸ்க்கைப் பார்த்த மாத்திரத்தில் பூட் செக்டரில் இருக்கும் தயாரிப்பாளர் பெயரை அழித்து, ஐஎச்சி என்று முடியும் தன் அடையாளத்தை எழுதிவிடும். அந்தத் தடம் தெரிந்தால் கையில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள டிஸ்க் அல்ல.

5.25 அங்குலத்தில் கூடுதல் கவனம் தேவை. 40 டிராக் டிஸ்க்கை 80 டிராக் டிரைவில் படிக்க ஸ்டெப் 2 என்று கொடுக்க வேண்டும். படிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அதே டிரைவில் திருப்பி எழுதினால் குறுகிய ஹெட் பழைய அகலத் தடத்தின் நடுவை மட்டும் மாற்றும், ஓரத்தில் பழைய பதிவு மிஞ்சி, அசல் டிரைவில் இரண்டும் கலந்து கேட்கும். கமடோர் 64க்கு வந்த திருப்பிப் போடும் டிஸ்க்குகள் இன்னொரு தலைவலி. திருப்பினால் இன்டெக்ஸ் துளை இடம் மாறிவிடும். கமடோரின் 1541 டிரைவ் அந்தத் துளையைப் பார்ப்பதே இல்லை. பிசி டிரைவோ அதைப் பார்க்காமல் பல நேரம் தரவையே வெளியே விடாது. போலி இன்டெக்ஸ் விருப்பம் மென்பொருளில் இருக்கிறது, ஆனால் டிரைவ் ஒத்துழைத்தால்தான் பயன். இல்லாவிட்டால் டிரைவில் சால்டரிங் வேலை.

குறைகள்: எல்லாமே கட்டளை வரி. முகப்பு மென்பொருள்களை வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், தரம் கூடக்குறைய இருக்கும். டிஸ்க் என்ன ஃபார்மேட் என்று கருவி தானாகச் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிராக்கைப் படமாகப் பார்க்க எச்எக்ஸ்சி மென்பொருளைத் தனியே நிறுவிக்கொள்ளுங்கள். அது கட்டாயம் வேண்டும்.

எடுத்த ஃபிளக்ஸ் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு டிராக்கையும் மூன்று சுற்று எடுத்தால் சாதாரண டிஸ்க்குக்கே 30 எம்பி தாண்டும்தான், இருந்தாலும் அதுதான் மூலப் பிரதி. செக்டர் இமேஜை (செக்டர்களின் தரவு மட்டும் உள்ள கோப்பை) அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். நகல் தடுப்பு இருக்கும் என்று தோன்றினால் ஐந்து சுற்று. லேபிளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-1 மதிப்பு, டிரைவ் மாடல், எடுத்த சுற்றுகள் ஆகியவற்றைக் கோப்போடு வையுங்கள். அதே கேமின் வேறொரு பிரதியை யாராவது எடுத்தால், இரண்டையும் வைத்து ஒப்பிட இவை வேண்டும். ஃபிளக்ஸ் கோப்புகள் எடுப்புக்கு எடுப்பு சற்று மாறும் என்பதால் செக்டர் இமேஜின் மதிப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

கையில் இருப்பது ஆப்பிள் 2 டிஸ்க்குகள் மட்டும் என்றால் ஆப்பிள்சாஸ் என்ற கருவியைப் பாருங்கள். அந்தக் கால நகல் தடுப்புகள் கால் டிராக் அளவில் ஹெட்டை நகர்த்தி விளையாடியவை. பிசி டிரைவால் அவ்வளவு நுணுக்கமாக நகர முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் இந்தப் பலகையே போதும். வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றில் படிக்காத டிஸ்க் இன்னொன்றில் படிப்பது அடிக்கடி நடப்பதுதான்.