ஹாலோவீன்: அக்டோபர் 31-ஆ, கடைசிச் சனிக்கிழமையா?

அமெரிக்காவில் ஹாலோவீன் என்பது பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31 மாலை. 2024-ல் அது வியாழக்கிழமை. அன்றே தீபாவளியும் வந்தது. நியூ ஜெர்சியில் எங்கள் வாசல்படியில் ஒரு பக்கம் அகல் விளக்குகள், மறு பக்கம் மகள் குடைந்து வைத்த பூசணிக்காய். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் வண்ணத்துப்பூச்சி இறக்கையை மாட்டிக்கொண்டு நாலரை மணியிலிருந்தே வாசலில் நின்றாள். நியூயார்க்கில் வேலை முடித்து ரயில் ஏறிய அவளுடைய அப்பா வீடு வந்து சேரும்போது மணி ஆறேகால். ஆறு அடிப்பதற்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. அதன் பிறகு ஓட்டமும் நடையுமாகப் பதினெட்டு வீடுகள். எட்டரைக்குப் படுக்க வேண்டிய பிள்ளை பத்து மணிக்கு முகச்சாயம் கழுவி, பாதித் தூக்கத்தில் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே சாய்ந்தாள். காலை ஏழரைக்குப் பள்ளி பஸ்.

"இதைச் சனிக்கிழமையில் வைத்தால் என்ன?" என்று அன்றிரவு என் கணவர் கேட்டார். நானும் அப்போது அதே கட்சிதான். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. அதன்பின் இரு தரப்பையும் நிதானமாக எடை போட்டுப் பார்த்ததில் என் எண்ணம் மாறியது. எதனால் மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை கேட்பவர்களின் நியாயம்

2018-ல் ஹாலோவீன் அண்ட் காஸ்ட்யூம் அசோசியேஷன் என்ற சங்கம் இணையத்தில் ஒரு மனுவைத் தொடங்கியது. ஹாலோவீனை அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வேட உடை வணிகர்களின் சங்கம் என்பதால் அதற்குச் சொந்த ஆதாயம் உண்டு. 2023-ல் ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று சில்லறை வணிகர்களின் தேசியக் கூட்டமைப்பு கணித்திருந்தது. மூன்று மணி நேரக் கொண்டாட்டம் முழு நாளாக நீண்டால் யாருக்கு லாபம் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் சொல்பவர் வியாபாரி என்பதற்காகச் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது.

காரணங்கள் வலுவானவை. சனிக்கிழமையென்றால் பெரும்பாலான பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கே வெயிலில் கிளம்பலாம். வீட்டுப்பாடம் கிடையாது, மறுநாள் பள்ளியும் இல்லை. சின்னக் குழந்தையைத் தனியாக அனுப்பவும் வேண்டாம், அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். நவம்பர் முதல் தேதி காலையில் சர்க்கரையும் தூக்கமின்மையும் சேர்ந்த இருபத்தைந்து பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்க வேண்டிய ஆசிரியரிடம் வாக்கெடுத்தால், சனிக்கிழமைதான் ஜெயிக்கும்.

இதற்கெல்லாம் மேலாக அவர்கள் முன்வைப்பது குழந்தைகளின் உயிர். அந்த வாதத்தைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் படித்தேன்.

கிழமையா, இருட்டா?

கனடா நாட்டு ஆய்வாளர்கள் மூவர் 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளின் அமெரிக்கச் சாலை விபத்துகளை ஆராய்ந்து, 2018-ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை, அந்த 42 மாலைகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 608 பேர். ஒப்பிடுவதற்கு, ஒரு வாரம் முந்திய மாலையையும் ஒரு வாரம் பிந்திய மாலையையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 84 மாலைகளில் 851 பேர். அதாவது சாதாரண மாலைக்குச் சுமார் 10 பேர் என்றால், ஹாலோவீன் மாலைக்கு 14 பேருக்கு மேல். நான்கு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆபத்து பத்து மடங்கு. மிக மோசமான நேரம் மாலை ஆறு மணியை ஒட்டியது. என் மகள் இறக்கையோடு தெருவில் இறங்கிய அதே நேரம். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கிழமையை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஒப்பீட்டு முறையைக் கவனியுங்கள். ஹாலோவீன் வியாழன் என்றால் முந்திய வாரத்து வியாழனும் பிந்திய வாரத்து வியாழனும்தான் எதிரே நிற்கின்றன. சனி என்றால் சனிகள். கிழமை இரு பக்கமும் ஒன்றேதான். அப்படியிருந்தும் இத்தனை வேறுபாடு என்றால், குற்றவாளி கிழமையாக இருக்க முடியாது. இருட்டுகிற வேளையில், வண்டி ஓடும் தெருவில், உணர்ச்சி மேலீட்டில் ஓடும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள். ஆபத்து அங்கே இருக்கிறது.

சனிக்கிழமைக்கு மாற்றினால் இருட்டு தள்ளிப்போகுமா? கடைசிச் சனிக்கிழமை என்பது 25 முதல் 31-க்குள் விழும். எங்கள் பகுதியில் அந்த ஒரு வாரத்தில் சூரியன் மறையும் நேரம் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. மதியமே கிளம்பினால் மட்டுமே பயன் உண்டு. ஆனால் பேய் வேடம் போட்ட பத்து வயதுப் பையனை வெயில் இருக்கும்போதே வீடு திரும்பச் சொல்லிப் பாருங்கள். மெழுகுவர்த்தி எரியும் பூசணிக்காயின் கண்கள் தெரிவதே இருட்டிய பிறகுதான். அவனுக்கு அந்த நாளின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதோடு, சனிக்கிழமை இரவு பெரியவர்களின் விருந்துகளுக்கும் உரியது. குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்கள் அதிகமாக இருக்கும் இரவும் அதுவே.

இன்னொன்றை நடந்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். ஹாலோவீன் நடப்பது வாசல் விளக்கை நம்பி. விளக்கு எரிந்தால் கதவைத் தட்டலாம், எரியாவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும். வார நாளில் ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் கதவருகே நாற்காலி போட்டு, மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமைகளில் அவர் பேரன் வீட்டுக்குப் போய்விடுவார். நாங்களே சனிக்கிழமையில் வீட்டில் இருப்பதில்லை. காலையில் தமிழ்ப் பள்ளி, மதியம் நீச்சல், மாலையில் யாராவது ஒரு நண்பர் வீடு. விடுமுறை நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பது காகிதக் கணக்கு. மருத்துவமனையிலும் கடையிலும் உணவகத்திலும் வேலை பார்க்கும் பெற்றோருக்குச் சனிக்கிழமை விடுமுறையே இல்லை என்பதையும் அந்த மனு எண்ணிப் பார்க்கவில்லை.

நகர்த்திப் பார்த்த நாள்கள்

நாளை நகர்த்துவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1968-ல் இயற்றி 1971-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் சில தேசிய விடுமுறைகளைத் திங்கட்கிழமைகளுக்குத் தள்ளியது. வாஷிங்டன் பிறந்தநாள் பிப்ரவரி மூன்றாம் திங்கள் ஆயிற்று. அந்தத் திங்கள் 15 முதல் 21-க்குள் மட்டுமே வரும் என்பதால், அவர் பிறந்த 22-ஆம் தேதியில் அவருடைய பிறந்தநாள் விடுமுறை வரவே வராது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று நாள் தொடர் விடுமுறை, கடைகளில் தள்ளுபடி விற்பனை.

படைவீரர் தினத்தை அப்படி ஏற்கவில்லை. 1918-ல் பதினோராம் மாதம் பதினோராம் நாள் பதினோரு மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததன் நினைவு அது. அக்டோபர் நான்காம் திங்களுக்கு மாற்றியபோது பல மாநிலங்கள் கேட்கவே இல்லை, நவம்பர் 11-ஐயே கடைப்பிடித்தன. 1975-ல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின்படி 1978 முதல் அது பழைய தேதிக்கே திரும்பிவிட்டது. தேதியிலேயே பொருள் பதிந்திருக்கும் நாளைக் கிழமைக்கு இழுத்தால் அது வர மறுக்கிறது.

ஹாலோவீன் இதில் எந்த வகை? பெயரே சொல்கிறது: அனைத்துப் புனிதர்களின் திருநாளுக்கு முந்திய இரவு. நவம்பர் 1 புனிதர்களுக்கு, 2 இறந்தவர்களுக்கு. தமிழ்நாட்டில் கல்லறைத் திருநாளன்று கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் எந்தக் கிழமையானாலும் நவம்பர் 2 அன்றுதான் போகின்றன. அதற்கும் முன்பு, அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த பண்டைய கெல்டிக் மக்களுக்கு அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சம்ஹெய்ன் இரவு இது. இன்றைய அமெரிக்கக் குழந்தைக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் "அக்டோபர் 31" என்று சொன்னால் போதும், அந்த வாசனை அதற்கு வந்துவிடும். கடைசிச் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் 2026-க்குப் பிறகு இரண்டும் ஒன்றுசேர 2037 வரை காத்திருக்க வேண்டும்.

இது எனக்கு நன்றாகப் புரிவதற்குக் காரணம் பொங்கல். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலை ஜனவரியில் வசதியான ஒரு சனிக்கிழமைக்கு மாற்றி, வாடகை அரங்கில் நடத்துகின்றன. ஆடல், பாடல், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. நான் விரும்பிப் போகிறேன். ஆனால் அரங்கில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லாததால் மேடையில் இருக்கும் பானை பொங்குவதில்லை. தை முதல் நாள் காலை, பனி மூடிய ஜன்னலருகே, அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் மூன்று பேர் நின்று பால் பொங்குவதைப் பார்க்கிறோமே, பிள்ளைகள் பொங்கல் என்று நினைவில் வைத்திருப்பது அதைத்தான். வசதியில்லாத நாளில் சிரமப்பட்டுச் செய்வதே அதைப் பண்டிகையாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாற்றும் அதிகாரம் யாருக்கு?

ஹாலோவீன் தேசிய விடுமுறை அல்ல. நாடாளுமன்றம் நகர்த்துவதற்கு அது எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடு வீடாகப் போகும் நேரத்தை மட்டும் ஊராட்சி மன்றங்கள் அறிவிக்கின்றன, அதனால் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரில் 1938-லிருந்து நெடுங்காலம் அக்டோபர் 30-ஐ யாசகர் இரவு என்று வைத்திருந்தார்கள். 31-ஆம் தேதி இரவில் இளைஞர்கள் செய்த நாசவேலைகளைத் தணிக்க வந்த ஏற்பாடு. குழந்தை ஒரு விடுகதையோ நகைச்சுவையோ சொன்னால்தான் அங்கே மிட்டாய். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் ஞாயிறு பிற்பகலில் நடத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பக்கத்து ஊரில் வேறு நாள், வேறு நேரம்.

எங்கள் நியூ ஜெர்சியே ஒருமுறை நகர்த்தியிருக்கிறது. 2012-ல் சாண்டி புயல் அடித்து, மின்கம்பிகள் அறுந்து கிடந்ததால் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவு போட்டு ஹாலோவீனை நவம்பர் 5 திங்களுக்குத் தள்ளினார். சரியான முடிவு. ஆனால் அதற்கு முந்திய நாள்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்தோம். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விட்டது. அப்போது ஆறு வயதான என் மகனோடு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். மின்சாரம் வந்த வீடு எது, மிட்டாய் தரும் வீடு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாதித் தெரு அன்று ஹாலோவீன் என்பதையே மறந்திருந்தது.

அந்த வணிகர் சங்கமும் 2019-ல் மனுவை மாற்றிக்கொண்டது. 31 அப்படியே இருக்கட்டும், கடைசிச் சனிக்கிழமையைக் கூடுதலாக ஒரு நாளாக்கலாம் என்றது. இந்தக் கூடுதல் நாள் ஏற்கெனவே பாதி நடைமுறையில் இருக்கிறது. பள்ளி, தேவாலய வாகன நிறுத்தங்களில் வண்டிகளின் பின்கதவைத் திறந்து அலங்கரித்து மிட்டாய் கொடுக்கும் ட்ரங்க் ஆர் ட்ரீட் வார இறுதிகளில் நடக்கிறது. நடக்கப் பழகும் குழந்தைகளுக்கு அது மிக நல்லது. ஆனால் தெரியாத ஒரு வீட்டின் மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அனுபவம் அங்கே இல்லை. அந்நியர்கள் குழந்தைக்குக் கதவைத் திறக்கும் ஒரே இரவு ஹாலோவீன். அதை வாகன நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தேதியை விட்டுவிட்டுத் தெருவைப் பிடிப்போம்

ஆக, என் தேர்வு அக்டோபர் 31. அது அப்படியே இருக்க, மாற வேண்டியவை இரண்டு.

முதலாவது சாலை. நியூயார்க் நகரம் 2022-ல் ஹாலோவீன் மாலை 4 முதல் 8 மணி வரை சுமார் 100 தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. ஆறு மணி ஆபத்துக்கு நேரான மருந்து இது. வியாழனானாலும் சனியானாலும் வேலை செய்யும். பெரிய நகரத்தால் முடிவது எங்களைப் போன்ற சிற்றூருக்கு இன்னும் எளிது.

இரண்டாவது, மறுநாள் காலை. 2024 நவம்பர் 1 அன்று நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை விட்டார்கள். ஹாலோவீன் இரவு கண்விழித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தூக்கம் கிடைத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், என் மகள் பஸ்ஸில் தூங்கி விழுந்தாள். ஆண்டுக்குச் சில நாள்கள் ஆசிரியர் பயிற்சிக்காக மாணவர்களுக்கு விடுமுறை விடும் பள்ளிகள், அவற்றில் ஒன்றை நவம்பர் 1-க்கு மாற்றினால் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. அதுவும் முடியாது என்றால் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கட்டும், பனி பெய்யும் நாளில் செய்வதுபோல.

2026-ல் அக்டோபர் 31 தானாகவே சனிக்கிழமையில் வருகிறது. எங்கள் தெருவை மூன்று மணி நேரம் அடைக்க நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். தெருவிலுள்ள பெரும்பாலான வீட்டார் அதில் கையெழுத்திட வேண்டும். இருபத்து நான்கு வீடுகளில் பதினேழு வாங்கியாகிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி அன்று பேரன் வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டார்.