கறுப்பு அட்டை ஆய்வேடா, கந்தோருக்கு ஓர் அறிக்கையா?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். பொதுக் கொள்கையில் முதுமாணி செய்ய ஆசை. அவள் எடுத்திருக்கும் கேள்வி இதுதான்: கொழும்பில் அரச கந்தோருக்குத் தமிழில் கடிதம் போட்டால் பதில் ஏன் சிங்களத்தில் வருகிறது? அதை ஆய்வேடாக எழுதும் படிப்புக்குப் போவதா, ஒரு கந்தோருக்குக் கொள்கை அறிக்கையாகச் செய்து கொடுக்கும் படிப்புக்குப் போவதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆய்வேடு நமக்குப் பழகியது. மேற்பார்வையாளர் ஒருவர், இலக்கிய மீளாய்வு என்று ஓர் அத்தியாயம், கடைசியில் பொன்னெழுத்து அச்சிட்ட கறுப்பு ரெக்சின் அட்டை. அதை வாசிப்பவர்கள் ஐந்தாறு பேர்தான் என்று கிண்டல் செய்வோம். ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த நீளம் வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அடுத்த வருடமே 16ஆவது திருத்தம், சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடங்களிலும் தமிழில் பதில் பெறும் உரிமையைத் தந்தது. சரி, சட்டம் இருக்கிறது. அப்படியானால் கடிதம் எந்த மேசையில் மொழி மாறுகிறது? சுற்றறிக்கை, ஆளணி, மொழித் தேர்ச்சிப் பரீட்சை என்று எல்லாவற்றையும் கிளற வேண்டும். பழைய ஆவணங்களுக்குத் தேசிய சுவடிகள் காப்பகம், கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

மற்ற வழி வெளிநாட்டுப் பொது விவகாரக் கல்லூரிகளில் ஊறியது. ஹார்வர்டின் கென்னடி ஸ்கூலிலும் சிங்கப்பூரின் லீ குவான் யூ கல்லூரியிலும் பொதுக் கொள்கை முதுமாணி மாணவர்கள் செய்கிற ‘பாலிசி அனாலிசிஸ் எக்சர்சைஸ்’ இந்த வகை. ஒரு நிறுவனம், அதற்கு உண்மையிலேயே இருக்கிற ஒரு தலையிடி, அதற்கு மாணவர் எழுதும் பரிந்துரை. டெக்சாஸின் எல்.பி.ஜே. கல்லூரியில் இதைப் போன்றதைக் குழுவாகச் செய்கிறார்கள்.

நானும் ஒருகாலத்தில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கந்தோருக்கு (பெயர் வேண்டாம்) அப்படி அறிக்கை செய்தேன். கவுண்டரில் இருந்த படிவங்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். தமிழ்ப் படிவம் இருந்தது, அலுமாரிக்குள். சாவி லீவில் போன உத்தியோகத்தரிடம். அதை எழுதினோம். “இது தேவையா பிள்ளை?” என்று மேலதிகாரி கேட்டார், இறுதிப் பிரதியில் அந்த வரி இல்லை. ஒன்பது பரிந்துரைகளில் நிறைவேறியது ஒன்று: தமிழ்ப் பலகை. அதிலும் ‘விசாரணை’, ‘விசாரனை’ ஆகியிருந்தது. இருந்தாலும் அது சுவரில் தொங்கியது. ஆய்வேடு எழுதிய என் நண்பர்களுக்குப் பலகைகூடக் கிடைக்கவில்லை.

கலாநிதிப் பட்டம் வரை போகிற எண்ணமிருந்தால் ஆய்வேடு கைகொடுக்கும். வேலை தேடுகிறவருக்கு அறிக்கை. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என் கணக்கில் தங்கச்சியின் கேள்விக்கு ஆய்வேடுதான் பொருத்தம். காரணம் அந்தச் சாவி. எந்தக் கந்தோரைப் பற்றி எழுதுகிறோமோ அதுவே அறிக்கைக்குச் சொந்தக்காரன் என்றால், சாவியைப் பற்றி எழுத விடாது. வரிசையைக் குறைப்பது, படிவத்தைச் சுருக்குவது மாதிரி விஷயமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அறிக்கை என்பேன்.

எதை எடுத்தாலும் தரவு வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போன கிழமை அவள் மூன்று கந்தோர்களுக்குத் தமிழில் விண்ணப்பம் போட்டுவிட்டாள். பதில் எந்த மொழியில் வருகிறது என்பதையும் குறித்து வைக்கப் போகிறாளாம்.