அப்பாவின் ஃபண்டுகளும் ஓக் ட்ரீ ரோடு சி.பி.ஏ. அம்மாவும்

அப்பா 2023 நவம்பரில் தவறினார். பெல்லில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். திருவெறும்பூர் வீட்டு பீரோவில், ஒரு மஞ்சள் பைக்குள், ஏழு மியூச்சுவல் ஃபண்டுகளின் ஸ்டேட்மென்ட்டுகள் இருந்தன. ஏழிலும் அம்மாவும் நானும் பாதிப் பாதி நாமினி.

நான் நியூஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறேன். வழக்கமாக என் வரிக் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். "டிவிடெண்ட் தராத குரோத் ஃபண்டுதானே, வருமானமே வரலையே, எதுவும் காட்ட வேண்டாம்" என்றார்கள். நல்லவேளையாக வேறு காரணத்துக்காக அந்த வருஷ ரிட்டர்னுக்கு அக்டோபர் வரை அவகாசம் வாங்கியிருந்தோம். மனசு ஒப்பாமல் 2024 செப்டம்பரில் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சி.பி.ஏ. (அமெரிக்க ஆடிட்டர்) அம்மாவிடம் போனேன். மதுரைக்காரர். இந்த விமர்சனம் அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் முதலில் கேட்டது தொகையை இல்லை. "அப்பா தவறின தேதி என்னம்மா?" என்றார். அந்தத் தேதியில்தான் எல்லாமே தொங்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. ஆனால் விற்கும்போது அப்பா வாங்கிய விலையிலிருந்தே லாபத்தைக் கணக்கிடுவார்கள். பழைய ஈக்விட்டி (பங்குச்சந்தை) ஃபண்டுகளுக்கு 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகை உண்டு. அமெரிக்காவிலோ அப்பா இறந்த அன்றைய என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை)தான் எனக்கு அடக்க விலை. ஒரு ஃபண்டை எடுத்துக்கொண்டு காகிதத்தில் போட்டே காட்டினார். 2011ல் 22 ரூபாய்க்கு வாங்கியது. 2018 ஜனவரியில் 61. அப்பா தவறிய அன்று 118. அப்போது விற்றால் 139. இந்தியக் கணக்கில் யூனிட்டுக்கு 78 ரூபாய் லாபம், இங்கே சுமார் 21. அதனால் இந்தியாவில் விற்கும்போதே பிடிக்கும் 12.5% வரி (டி.டி.எஸ்.) முழுவதையும் இங்கே கழித்துக்கொள்ள முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

அடுத்தது, நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்க வரித்துறை 'பி.எஃப்.ஐ.சி.' என்று தனி வகையில் வைத்திருக்கிறது. சாதாரண நீண்டகால லாபத்துக்கான சலுகை விகிதம் இதற்குக் கிடைக்காது. வருஷக்கணக்கில் வைத்திருந்து விற்றால் வட்டியும் சேரும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 என்ற படிவம். ஆகவே சீக்கிரம் விற்றுவிடச் சொன்னார். 2024 அக்டோபரில் விற்றோம். அதற்கு முன் யூனிட்டுகளை எங்கள் பெயருக்கு மாற்றும் டிரான்ஸ்மிஷன் வேலைக்காகத் திருச்சியில் அம்மா மாமாவைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை அலைந்தார். அந்த அலைச்சலை மட்டும் யாராலும் குறைக்க முடியவில்லை.

வீட்டையும் அவர்தான் கேட்டார். உயிலில்லாததால் அதிலும் பாதி என் பங்கு. ஃபண்டோடு சேர்த்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது; அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த சொத்தைத் தெரிவிக்கும் படிவம் 3520 கட்டாயம். வரி எதுவும் இல்லை, வெறும் தகவல்தான். ஆனால் தவறினால் அந்தச் சொத்து மதிப்பில் மாதத்துக்கு 5% வீதம் 25% வரை அபராதம். ரிட்டர்னோடு சேர்க்காமல் யூட்டாவில் ஆக்டன் என்ற ஊரில் உள்ள வரித்துறை அலுவலகத்துக்குத் தனியாகத் தபாலில் போக வேண்டியிருந்தது. அக்டோபர் 15க்கு ஆறு நாள் முன்னால் பதிவுத் தபால் ரசீதை என் கையில் கொடுத்தார். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. 8621 ஒன்றுக்கு 150 டாலர், ஏழுக்கு 1,050. அதிகம்தான், ஆனால் முதலிலேயே எழுதிக் கொடுத்தார். மின்னஞ்சலுக்கு மூன்று நாள் கழித்துத்தான் பதில் வரும். இந்தியப் பக்கத்து ரிட்டர்ன், பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) எடுத்துவர அப்போது வேண்டியிருந்த 15சிஏ, 15சிபி படிவங்கள் இதெல்லாம் அவர் செய்வதில்லை. திருச்சி ஆடிட்டரைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரிக்குப் பிறகு அவரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம். போகும்போது இறப்புச் சான்றிதழ் நகல், ஃபண்டு ஸ்டேட்மென்ட், இறந்த அன்றைய என்.ஏ.வி. மூன்றையும் எடுத்துப் போங்கள். பழைய என்.ஏ.வி. மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் தேதிவாரியாக இருக்கிறது.