அசையாத பொத்தானும் சொரசொரக்கும் கண்ணாடியும்

2016இல் வந்த ஐபோன் 7இன் ஹோம் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போவது போலிருக்கும். உண்மையில் அது அசைவதே இல்லை. போனை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அந்த 'டக்'கைத் தருவது நேர்கோட்டு மோட்டார். ஸ்பிரிங்கில் பொருத்திய ஒரு எடை முன்னும் பின்னும் போய்வரும். சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் கனத்த எடையைச் சுற்றும் மோட்டார்தான். அது வேகம் பிடிக்கவும் நேரமாகும், அடங்கவும் நேரமாகும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் 'ர்ர்ர்' என்று இழுக்கும். புது போன் வாங்கியதும் நான் முதலில் அணைப்பது இதைத்தான்.

சரி, இரண்டுமே போனைப் பிடித்த கையையும் சேர்த்து அதிர வைப்பவை. திரையின் கண்ணாடியைத் தடவும் விரலுக்கு மட்டும் சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் உராய்வில் கைவைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று மின்னதிர்வு. விளக்கு எரியும்போது அதன் பித்தளை ஹோல்டர் விரலுக்கு வழவழப்புக் குறைந்து தெரிவதை மாலின்க்ராட் என்பவர் தற்செயலாகக் கவனித்தார். 1953இல் அது ஆய்வுக் கட்டுரையானது. டிஸ்னி ஆய்வகம் 2010இல் காட்டிய டெஸ்லாடச் திரையும் இதே சூத்திரம்தான்: காப்புப் படலத்துக்கு அடியில் மாறும் மின்னழுத்தம் தோலை இழுக்க, உராய்வு கூடும். அசையும் பாகம் கிடையாது. ஆனால் விரல் வியர்த்தால் உணர்வு மங்கிவிடும்.

மற்றது மீயொலி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உருவாக்கிய டிபேட் (TPaD) என்ற தொடுபலகை இந்த வகை. கண்ணாடி நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர, மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் விரல் வழுக்கும். அதாவது இது உராய்வைக் குறைக்கத்தான் செய்யும். சொரசொரப்பு வேண்டிய இடத்தில் அதிர்வை நிறுத்திக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஒரே குறை, விரல் நகர வேண்டும். கீபோர்டில் எஃப், ஜே கட்டைகளின் மேடு விரலை வைத்ததுமே தெரிகிறதே, அது இங்கே நடக்காது. துணிக்கடையில் இரு விரலுக்கு நடுவே தேய்த்துக் கனம் பார்ப்பதெல்லாம் கேட்கவே வேண்டாம்.

போனுக்கு என் ஓட்டு நேர்கோட்டு மோட்டாருக்கே. காரில் கதை வேறு: ரோட்டைப் பார்த்தபடி ஏசி அளவைத் தேடும் விரல் திரையில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும், அங்கே மீயொலியை வைப்பேன். இடத்தைப் பிடித்து அழுத்திய பிறகு, பழைய 'டக்' இல்லாமல் ஆகாது.